உம்மாட சாம்பிள்

என் மேசையில் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி இருக்கிறது. சுண்டுவிரல் நீளம்தான். அதற்குள் வெளிர் பச்சை நிறத்தில் கொஞ்சம் தூள். ஒட்டியிருக்கும் காகிதத் துண்டில் என் மச்சாளின் கையெழுத்து: "உம்மாட சாம்பிள்." அலுமாரியில் உள்ள மற்றக் குப்பிகளுக்கெல்லாம் எழுத்தும் இலக்கமுமாகப் பெயர் இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் இப்படியொரு பெயர் என்று புதிதாக ஆய்வுகூடத்துக்கு வரும் பிள்ளைகள் கேட்காமல் விடுவதில்லை. நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கமாட்டேன். ஒரு காந்தத்தைக் கையில் கொடுத்து, குப்பியோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள் என்பேன். பிடித்ததும் உள்ளே தூள் அசையும். அப்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தில் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை ஒரு காலம் மச்சாளின் முகத்தில் இதைவிடப் பெரிதாக நான் பார்த்திருக்கிறேன்.

மச்சாள் என் வாப்பாவின் தங்கையுடைய மகள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். எங்கள் வீடு இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில்; அவளுடையது பக்கத்து மருதமுனையில், கடல் இரைச்சல் கேட்கிற தெருவில். இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்து, அங்கேயே ஆய்வு மாணவிகளாகவும் சேர்ந்தோம். நான் எடுத்ததற்கெல்லாம் முகத்தைத் தூக்கிவைக்கிற ஆள்; இப்போதும் அப்படித்தான். அவள் எனக்கு நேர் எதிர். சிரிப்பு வந்தால் அவளால் நிற்க ஏலாது, பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பஸ்ஸில் ஒருநாள் அப்படிச் சிரித்து, முன்சீட்டில் இருந்த பெரியவருடைய தோளைப் பிடித்துவிட்டாள். மனிதர் அடுத்த தரிப்பிடத்திலேயே இறங்கிப் போய்விட்டார்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயத்தைச் சொல்லாமல் மேற்கொண்டு கதை நகராது. நாக ஒட்சைட்டு என்று ஒரு வெள்ளைத் தூள் இருக்கிறது. குழந்தைகளுக்குத் தோல் சிவந்தால் பூசுகிற களிம்பில் இருப்பது அதுதான். அதைக் காந்தம் சட்டைசெய்யாது. ஆனால் அந்தத் தூளைக் கண்ணுக்கே தெரியாத நனோ துகள்களாகச் செய்யும்போது கோபாற்று என்ற உலோகத்தைச் சிட்டிகையளவு உள்ளே புகுத்திவிட்டால், தூள் பச்சையாகிவிடும்; அதோடு சாதாரண அறை வெப்பத்திலேயே காந்தமாகவும் ஆகிவிடும் என்று சிலர் சொன்னார்கள். அப்படியெல்லாம் ஆகாது, நாங்களும் செய்து பார்த்தோம் என்று வேறு சிலர் சொன்னார்கள். உலகம் முழுக்க இதற்காகச் சண்டை. உண்மையாக இருந்தால் கணினியின் நினைவகத்திலிருந்து எத்தனையோ சாமான்களின் தலையெழுத்து மாறும். மருதமுனைப் பெண்ணொருத்தி அந்தச் சண்டைக்குள் தானும் ஒரு கை பார்க்கலாம் என்று இறங்கினாள்.

தூள் செய்வது சமையலுக்கு மிகவும் கிட்டிய வேலை. உப்புகளைத் தண்ணீரில் கரைத்து, எலுமிச்சைப் புளிப்புக்குரிய அமிலத்தைச் சேர்த்து, அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். அல்வாபோன்ற தொதல் பதத்துக்கு வந்து, திடீரென்று பொங்கி, நுரைத்து, பஞ்சுபோல ஆகிவிடும். அதைப் பீங்கான் உரலில் போட்டு அரைத்து, மூசைகள் என்கிற, சூடு தாங்கும் சின்னக் கிண்ணங்களில் அள்ளி உலைக்குள் வைத்துச் சுடவேண்டும். மச்சாள் கிண்டும்போது நான் பக்கத்தில் நின்று, சீனி போட்டாச்சா, கசுக்கொட்டை போட்டாச்சா என்று கேட்பேன். அவளும் சளைக்காமல், "பொறு புள்ள, எண்ணெ பிரியட்டும்" என்பாள்.

செய்த தூள் காந்தமா இல்லையா என்று அளக்கிற இயந்திரம் எங்களிடம் இல்லை. ஒவ்வொரு தூளையும் குப்பியில் அடைத்து வெளிநாட்டில் ஒரு பேராசிரியருடைய ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். அவர்கள் அளந்து ஒரு வரைபடம் அனுப்புவார்கள். காந்தம் இல்லாவிட்டால் சாய்ந்த ஒரு நேர்கோடு. இருந்தால் வாய் திறந்த மீனைப்போல ஒரு வளையம். வந்ததெல்லாம் நேர்கோடுகள். எங்கள் மேற்பார்வையாளரை நாங்கள் சேர் என்போம். நல்ல மனிதர்தான், ஆனால் ஒவ்வொரு நேர்கோட்டையும் ஒரு மரணச் செய்தியைப்போல வாசிப்பார்.

அந்த வருடம் நோன்பு விடுமுறை நேரத்தோடு தொடங்கியது. தலை நோன்புக்கு முன்னால் எங்கள் ஊர்களில் வீடுகள் படுகிற பாடு தெரிந்ததுதானே. கூரை தட்டி, சுவர் கழுவி, பரணில் கிடக்கிற சட்டியெல்லாம் இறங்கி வந்து கிணற்றடியில் வரிசையாக நிற்கும். வீட்டைச் சுற்றியுள்ள வளவுக்குப் புதுமண் போடவேண்டும். கடற்கரையிலிருந்து சாக்கில் மண் வந்து வாசலில் குவிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து, ஆய்வுகூடத்துக் குழாயில் தண்ணீர் வராததால், மச்சாள் தன் பீங்கான் உரலையும் மூசைகளையும் ஒரு பிளாஸ்ரிக் வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்தாள். பிறகு கழுவலாம் என்று தொழப் போனாள். திரும்பி வந்தபோது எல்லாம் கழுவிக் கவிழ்த்து, வெயிலில் பளிச்சென்று காய்ந்துகொண்டிருந்தன. மாமியின் வேலை. மாமி என்றால் மச்சாளின் தாய், அவளுடைய உம்மா. அவர் கையில் அகப்பட்ட பாத்திரம் அழுக்கோடு தப்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை. மச்சாளுக்கு ஒரு வேலை மிச்சம். நன்றி சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனாள். அடுத்த தூளை அந்த உரலில்தான் அரைத்தாள்.

பெருநாளுக்கு இரண்டொரு நாள் இருக்கும்போது அந்தத் தூளின் வரைபடம் வந்தது. மாமி வீட்டுக் குசினியில் நான் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன். மச்சாள் தொலைபேசியைப் பார்த்தாள், பார்த்தாள், பிறகு அப்படியே சுவரோடு சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். எட்டிப் பார்த்தேன். திரையில் வளையம். அழகான, வாய் திறந்த வளையம். மிச்சமிருந்த தூளுக்குப் பக்கத்தில் ஒரு காந்தத்தைப் பிடித்தோம். தூள் சிலிர்த்துக்கொண்டு காந்தத்தின் பக்கம் சாய்ந்தது. நோன்பு திறக்கிற நேரம்வரை அந்த வீட்டில் ஒருவருக்கும் ஒரு வேலையும் ஓடவில்லை. மாமிக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை, ஆனாலும் வட்டிலப்பம் அவித்துத் தெரு முழுக்கக் கொடுத்தனுப்பினார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு, மகள் காந்தம் கண்டுபிடித்திருக்கிறாள் என்று சொல்லச் சொன்னாராம். பெருநாள் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வந்த ஆண்கள் வாழ்த்துச் சொன்னபோது மச்சாள் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பெருநாளுக்கு அடுத்த வாரம் அந்தப் பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. இந்தத் தூளை வைத்தே கலாநிதிப் பட்டம் செய்யலாம், இடமும் உதவிப்பணமும் உண்டு, மிச்சத் தூளையும் அனுப்பிவையுங்கள், இன்னொரு தடவை செய்து அதையும் அனுப்புங்கள் என்று. மச்சாள் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஆசைப்பட்டது அதற்குத்தான். சேர் அன்று முழுவதும் தலையைத் தடவிக்கொண்டே திரிந்தார். யார் எதிரே வந்தாலும் மச்சாளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இன்னொரு தடவை செய்தாள். நேர்கோடு. திரும்பவும் செய்தாள். அதுவும் நேர்கோடு. அதே உப்பு, அதே அடுப்பு, அதே உலை, அதே கை. உலையின் சூட்டைக் கூட்டினாள், குறைத்தாள், கோபாற்றைக் கூட்டினாள், குறைத்தாள். நான் எரிச்சலில், இது கண்ணூறுதான், தெரு முழுக்க வட்டிலப்பம் கொடுத்தால் வேறு என்ன நடக்கும் என்று சத்தம் போட்டேன். அவள் முதல் தடவையாகச் சிரிக்காமல் இருந்தாள். சிரிக்காத மச்சாளை அதற்குமுன் எனக்குத் தெரியாது. பார்க்கவே பயமாக இருந்தது.

ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு அவளைக் கட்டாயப்படுத்திக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதல்நாள் கடல் கொஞ்சம் மூர்க்கமாக இருந்திருக்கவேண்டும்; அலை வந்து திரும்பிய இடமெல்லாம் வெள்ளை மணலில் கறுப்புக் கோடு கோடாகக் கிடந்தது. தோணிகள் கரையில் ஏறியிருந்தன. அவித்த கடலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவளுடைய கைப்பை வாய் திறந்தபடி மணலில் சரிந்து கிடந்தது. எழும்பும்போது அவள் பையைத் தூக்கினாள். அதன் பொத்தான், தானாக ஒட்டிக்கொள்கிற காந்தப் பொத்தான், கறுப்பாகத் தாடி வளர்த்திருந்தது. எங்கள் ஊரில் இதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உடைந்த வானொலிப் பெட்டியின் காந்தத்தை நூலில் கட்டிக் கடல் மண்ணில் இழுத்து, கறுப்பு மண்ணைத் தாளில் கொட்டி விளையாடாத பிள்ளை மருதமுனையில் இல்லை. இரும்புச் சத்துள்ள மண். எல்லோருக்கும் தெரியும். மச்சாளும் பழக்கத்தில் விரலால் தாடியைத் தட்டிவிடப் போனாள், கை பாதியில் நின்றுவிட்டது.

வீடுவரை அவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். மாமி முற்றத்தில் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தார். மச்சாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"உம்மா, நோன்புக்கு முன்ன என்ட உரலக் கழுவினீங்களே, என்னத்தால தேய்ச்ச?"

"இதென்ன கேள்வி? வளவுக்குக் கொட்டின புதுமண்ணாலதான். நல்லா அழுத்தித் தேய்ச்சன். ஏன், அழுக்குப் போகல்லியா?"

மச்சாள் உள்ளே போய் ஒரு கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் எடுத்தாள். குப்பியிலிருந்து ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டுக் கலக்கினாள். வெளியே காந்தத்தை ஒட்டிப் பிடித்தாள். பச்சைத் தூள் கீழே படிந்தது. கோப்பையின் ஓரத்தில், காந்தத்துக்கு நேரே, சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு வந்து ஒட்டியது. அவ்வளவுதான் கதை. பீங்கான் உரலின் சொரசொரப்புக்குள் ஒளிந்திருந்த எங்கள் கடல் மண், அவள் அரைத்தபோது நசிந்து பச்சைத் தூளோடு கலந்து, வெளிநாட்டுக்குப் போய், வளையம் காட்டிவிட்டு வந்திருக்கிறது. அடுத்த தடவைகளில் உரலை வழக்கம்போல ஆய்வுகூடத்தில் அமிலத்தால் கழுவியிருந்தாள். அதனால் மண் போனது, காந்தமும் போனது.

நான் அழத் தொடங்கிவிட்டேன். என் இடமா போனது, அவளுடைய இடம். ஆனாலும் நான்தான் அழுதேன். மச்சாள் கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாசலில் கோழித்தீனோடு வந்து நின்ற மாமியைப் பார்த்தாள். அவளுடைய வாயின் ஓரம் துடித்தது. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, கண்ணால் தண்ணீர் வழியச் சிரித்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழுதுகொண்டிருந்த எனக்கும் தொற்றிவிட்டது. மாமி எங்கள் இரண்டு பேருக்கும் ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்து ஓதி ஊதினார்.

சிரித்து முடித்த பிறகுதான் உண்மையான சிக்கல். குப்பியில் இன்னும் தூள் இருந்தது. பேராசிரியர் கேட்டதும் அந்தத் தூளைத்தான். அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்தால் இடம் கிடைக்கும். மற்றத் தூள்கள் சரிவராததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம், அந்தத் துறையே அப்படித்தான் சண்டையில் கிடந்தது. போய்ச் சேர்ந்த பிறகு ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டாள். மறுநாள் சேரிடம் போய்க் கோப்பையையும் காந்தத்தையும் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார். கடைசியில், "கட்டுரையில முதல் பேர் உன்டதான் புள்ள. முடிவும் உன்டதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனார். அவருடைய முதுகைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

அன்று பின்னேரம் மாமியின் குசினியில் இருந்தபடியே மச்சாள் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினாள். எல்லாவற்றையும் எழுதினாள், நோன்புக்கு வீடு கழுவுவது, வளவுக்கு மண் போடுவது, உம்மா உரல் தேய்த்தது. கைப்பைப் பொத்தானின் கறுப்புத் தாடியைப் படமெடுத்து இணைத்தாள். இடத்தை எதிர்பார்க்கவில்லை, நேரம் எடுத்ததற்கு மன்னிக்கவும் என்று முடித்தாள். அனுப்பிவிட்டு மாமியின் பக்கம் திரும்பினாள். இதை மாமிக்கு எப்படிச் சொல்லப்போகிறாள் என்பதுதான் எனக்குக் காலையிலிருந்து யோசனை.

"உம்மா, நீங்க தேய்ச்சதாலதான் அந்தத் தூளுக்குக் காந்தம் வந்திரிக்கி. வேற ஒண்டாலயும் வரல்ல."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மாமி கையைத் துடைத்துக்கொண்டு மகளை ஒருகணம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து மாமியைப் பிடிக்க ஏலாது. கல்யாண வீட்டில், கந்தூரியில், மரக்கறிக் கடையில், எங்கே நாலு பெண்கள் சேர்ந்தாலும் கதை அதுதான். பெரிய பெரிய படிப்பெல்லாம் படித்தும் வராத காந்தம் தன் கை பட்டதும் வந்ததாம். தான் கழுவாமல் விட்டதும் போய்விட்டதாம். மச்சாள் பக்கத்தில் நின்று, "ஓம், உண்மதான்" என்று சாட்சி சொல்லுவாள். நான் சிரிப்பை அடக்க முக்காட்டைக் கடிப்பேன்.

பேராசிரியரின் பதில் சில நாள் கழித்து வந்தது. அந்த இடம் அந்த வளையத்துக்காக ஒதுக்கியது, இப்போது தரமுடியாது என்று நேராக எழுதியிருந்தார். மச்சாள் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள். பிறகுதான் மிச்சத்தை வாசித்தாள். உன் கடிதத்தை என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன், இடுக்கியிலிருந்து, கரண்டியிலிருந்து எங்களுக்கும் இப்படி இரும்பு வந்ததுண்டு, அதைக் கண்டுபிடித்தவர்களைவிடக் கண்டுபிடிக்காதவர்கள் அதிகம், அடுத்த வருடம் உன் நேர்கோடுகளோடு விண்ணப்பி என்று எழுதியிருந்தார். விஷயத்தைச் சொன்னபோது மாமிக்கு ரோசம் வந்துவிட்டது. "அவருட உரலையும் அனுப்பச் சொல்லு, தேய்ச்சிக் குடுக்கன்" என்றார்.

மச்சாள் அந்த ஒரு வருடமும் பிளாஸ்ரிக் கரண்டியும் அமிலத்தில் கழுவிய மூசையுமாகக் கிடந்து, நேர்கோடு நேர்கோடாகச் சேர்த்தாள். எங்கள் கையில் சுத்தமாகச் செய்தால் இந்தத் தூள் காந்தம் ஆவதில்லை என்று நிறுவினாள். அடுத்த வருடம் போனாள். மாமி அவளுடைய பெட்டியில் கருவாடும் சம்பலும் வைத்தார். இன்று மச்சாள் அதே நாட்டில், அதே இயந்திரத்துக்குப் பொறுப்பாக இருக்கிறாள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து குப்பிகள் வருகின்றனவாம். வளையம் வந்தால் மற்றவர்கள் கைதட்டுவார்களாம். இவள் மட்டும், இதை யார் எதனால் கழுவினார்கள் என்று கேட்பாளாம். போகும்போது குப்பியை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். பெயர் எழுதி ஒட்டியதும் அன்றுதான்.

இந்த வருடம் நோன்புக்குச் சில நாட்கள் முன்னால் மாமியைக் கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டு, திரும்பும் வழியில் என் ஆய்வுகூடத்துக்கும் கூட்டிக்கொண்டு வந்தேன். இத்தனை காலத்தில் அவர் அங்கே வந்ததில்லை. உலையைப் பார்த்தார், இது ரொட்டி சுடுற போறணை மாதிரி இரிக்கி என்றார். உரலைக் கையில் எடுத்து உள்ளே விரலை ஓட்டி, ஆர் கழுவினது, வடிவாக் கழுவல்ல என்றார். நான் பாய்ந்து உரலை வாங்கிக்கொண்டேன். பிறகு அவருடைய கையில் குப்பியையும் காந்தத்தையும் கொடுத்து, இதுதான் உங்கட சாம்பிள், நீங்கள் காந்தம் வரவைத்த தூள் என்று வழக்கமான கேலியோடு சொன்னேன்.

மாமி கதிரையில் உட்கார்ந்தார். குப்பியை மருந்து விட்ட கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"நான் கெடுத்ததெண்டு எனக்கு அண்டைக்கே விளங்கின புள்ள" என்றார். "நீ அழுதாய் தானே. என்ட மவள் சிரிச்சாள். அவள் சிரிக்கக்குள்ள நான் அழுதா, மறுகா அவளும் அழுதிருப்பாள். அதான் நானும் பெருமையடிச்சித் திரிஞ்ச."

கல்யாண வீடுகளில், கந்தூரிகளில், மரக்கறிக் கடையில் அவர் அடித்த பெருமையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தது. பக்கத்தில் நின்று, ஓம், உண்மதான் என்று சொன்ன மச்சாளும் வந்தாள். இது அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "சொல்லிராத" என்றார் மாமி. "அவள் எனக்காண்டித்தான் அப்பிடிச் சொன்னாள். அது அப்பிடியே இரிக்கட்டும்."

பிறகு காந்தத்தைக் குப்பியோடு சேர்த்துப் பிடித்தார். வருடக்கணக்காகப் பிள்ளைகள் காந்தம் பிடித்துப் பிடித்து, இப்போது கறுப்பு மண் பச்சைத் தூளிலிருந்து தனியாகப் பிரிந்துவிட்டது. அது கண்ணாடியோரமாக எழும்பி வந்து நின்றது. மாமி காந்தத்தை மெல்லச் சுற்றினார், கறுப்பு மண்ணும் கூடவே சுற்றியது.

"இன்னம் புடிக்கிது" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு கூடி வந்ததும் என் மேசையைப் பிடித்துக்கொண்டார்.